பத்து என்று எழுதிய கண்ணாடி

அக்கா,

நேற்று மத்தியானம் உங்கள் பீரோவைக் காலி செய்தேன். புடவைகளை எல்லாம் எடுத்த பிறகு அடித்தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஆட்டுத்தோலில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தீர்கள். தொட்டதும் ரப்பர் பேண்டு அறுந்தது. இந்த ஊரில் எந்தப் பழைய பொட்டலத்தைப் பிரித்தாலும் வருகிற தோல் வாசனை வந்தது. உள்ளேயிருந்து என் மூக்கு, இருக்கிற அளவைப் போல இரண்டு மடங்காக, என்னைப் பார்த்தது.

உங்கள் குழியாடி. பின்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் நீங்கள் எழுதியது அப்படியே இருந்தது: குவியத்தொலைவு 10 செ.மீ. ஆடிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வருகிற ஞாயிறு உங்கள் முதல் வருட நினைவு ஆராதனை. "நாலு வரி நல்லதா எழுதிக் குடு, அட்டையில போடணும்" என்றார் உங்கள் தம்பி. "நீதான் எப்பப் பாத்தாலும் நோட்டுல எழுதிக்கினே இருக்கியே." நான் நோட்டில் எழுதுவது வேறு. சிலிண்டர் என்றைக்கு மாட்டினேன், எத்தனை நாள் வந்தது, மழை எந்தத் தேதியில் ஒழுகியது என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள் நான். உங்களைப் பற்றி அப்படி எழுதினால் அது அட்டைக்கு ஆகாது. அதனால் இந்தக் கடிதம். இதை நீங்கள் படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீங்கள் என் நோட்டைப் படித்ததில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு அக்கா என்பதால் எனக்கும் அக்கா. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் மேடம். கோயிலில் முதல் பெஞ்சு. நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணம் ஆகி வந்த முதல் வாரமே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "அவளுக்கு இன்னா தெரியும், பாவம்." அந்தப் பாவத்தைப் பதினேழு வருடம் என் தலையில் தினமும் ஒரு கரண்டி ஊற்றினீர்கள்.

சாயந்தரம் ஐந்தரைக்கு நம் ஹாலில் டியூஷன். பன்னிரண்டு, பதின்மூன்று பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். முதலில் ஜெபம். "சத்தியத்திலே எங்களை நடத்தும் ஆண்டவரே" என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது உங்கள் குரல் கொஞ்சம் நடுங்கும். நன்றாகவே நடுங்க வைப்பீர்கள். ஆமென் சொன்ன கையோடு பாட்டு. குவியாடி என்றால் பிள்ளைகள் "விர்ச்சுவல், எரெக்ட், டிமினிஷ்டு" என்று மூன்று தரம் கத்த வேண்டும். சமதள ஆடி என்றால் வேறு மூன்று வார்த்தை. அர்த்தம் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால், "மொதல்ல மனப்பாடம், அப்புறம் மூளை" என்பீர்கள். அந்த அப்புறம் ஒருநாளும் வந்து நான் பார்க்கவில்லை.

நான் அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டது போதாமல், பக்கத்துத் தெருப் பையன் எடைக்குப் போட இருந்த தமிழ் மீடியம் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். படித்ததைக் கையில் இருக்கிற சாமானில் பார்த்தேன். எவர்சில்வர் கரண்டியின் குழிவுப் பக்கத்தில் நான் தலைகீழ், முதுகுப் பக்கத்தில் நேராக, ஆனால் சின்னதாக. குழம்பு கொதிக்கிற நேரத்தில் அந்த மூன்று வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் கிடைத்தது. விர்ச்சுவல் என்றால் கரண்டிக்குப் பின்னால் போய்த் தேடினால் அங்கே நான் இல்லை என்பது. அவ்வளவுதான்.

ஒருநாள் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டேன். பாலிஷ் போட்ட தோல் ஷூவில் டியூப் லைட் ஒரு கோடாகத் தெரிகிறதே, வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கிற ஸ்வேடு தோலில் ஏன் தெரியவில்லை என்று. பதில் எனக்குத் தெரியும். உங்கள் வாயால் கேட்க ஆசை. இரண்டு தோலிலும் வெளிச்சம் படுகிற கோணத்திலேயேதான் திரும்புகிறது. ஸ்வேடில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்பதால் போன வெளிச்சம் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிடுகிறது. நீங்கள் சொன்னது: "அது சிலபஸ்ல இல்ல." ஊரே தோல் வேலையில்தான் சாப்பிடுகிறது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் சீருடையில்கூட அந்த வாசனை இருந்தது. உங்களுக்கு அது சிலபஸில் இல்லை.

இந்தப் பீரோ வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? வேலூர் லாங் பஜார். கடைக்காரர் இரண்டு பீரோவைக் காட்டினார். ஒன்றில் இடுப்பளவு கண்ணாடி, ஒன்றில் கதவு முழுக்க. சின்னக் கண்ணாடி முன் நின்றீர்கள். முட்டிக்குக் கீழே தெரியவில்லை.

"கொஞ்சம் பின்னாடி போனா கால் தெரியும்" என்றீர்கள்.

"தெரியாதுக்கா" என்றேன். "எவ்ளோ தூரம் போனாலும் அவ்ளோதான் தெரியும்."

"இவ வேற. சமையல்கட்டு சயின்டிஸ்ட்டு." கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தீர்கள். பின்னால் போனீர்கள். இன்னும் போனீர்கள். கடையை விட்டுத் தெருவில் இறங்கினீர்கள். "அம்மா, அம்மா, வண்டி!" என்று தள்ளுவண்டிக்காரர் கத்தினார். வெங்காய மூட்டையில் இடித்து நின்றபோதும் உங்கள் கால் கண்ணாடியில் வரவில்லை.

"மேடம், கால் வந்துச்சா?" என்றார் கடைக்காரர்.

"உங்க கண்ணாடி சரியில்ல" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை உங்களிடம் சொல்லவில்லை. கதவு முழுக்கக் கண்ணாடி இருந்த பீரோவைத்தான் வாங்கினீர்கள். அதன் முன் நேராக நின்று, என் உச்சி தெரிகிற இடத்தில் ஒரு துண்டு டேப், கால்விரல் தெரிகிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அளந்தேன். இரண்டரை அடி. நான் ஐந்தடி. பின்னால் நகர்ந்து மறுபடி பார்த்தேன். டேப் ஒட்டிய இடம் மாறவில்லை. முழு ஆள் தெரிய ஆளில் பாதி கண்ணாடி போதும். அதுவும் உங்கள் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'முக்கியம்' என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இதோடு நின்றிருந்தால் நாலு வரி நல்லதாகவே எழுதியிருப்பேன்.

பள்ளிக்கூடத்துக் குழியாடியை டியூஷனுக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருநாள் கீழே போட்டீர்கள். துண்டுகளைப் பெருக்கியவள் நான். மறுநாள் வேலூரில் போய் ஒன்று வாங்கி வந்தீர்கள். லேப் ரிஜிஸ்டரில் பத்து என்று இருக்கிறது, அதனால் இதிலும் பத்து என்று எழுதினீர்கள். அதற்காக உங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நெயில் பாலிஷ் வாங்கினீர்கள். நகத்தில் அதைப் பூசி வந்த பெண்களைக் கோயில் வாசலில் நிறுத்திப் புத்தி சொன்ன அதே கை. புதிய ஆடி பத்துதானா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாளும் ஒரு ஸ்கேலும் போதும். நீங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகளின் ரெகார்டு நோட்டுக்கு ரீடிங்கை வாயால் சொன்னீர்கள். "எழுதிக்கோங்க. ஒன்பது புள்ளி ஒன்பது. பத்து. பத்து புள்ளி ஒன்னு. ஆவரேஜ் பத்து." பிள்ளைகள் ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் எழுதினார்கள். நடக்காததை நடந்ததாக எழுதுவதற்கு நான் வளர்ந்த வீட்டில் வேறு பெயர் உண்டு. உங்கள் ஹாலில் அதற்குப் பெயர் பிராக்டிகல்.

அப்போதுதான் வினோதினி வந்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற காஞ்சனாவின் மகள். பத்தாவது. எலும்பும் இரண்டு கண்ணும். ஒருநாள் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால், நாலு மணிக்கே வந்துவிட்டாள். நீங்கள் பள்ளியிலிருந்து வரவில்லை. ஆடி மேசை மேல் இருந்தது.

"ஆன்ட்டி, இத நெஜமா செஞ்சு பாக்கலாமா?" என்றாள்.

எத்தனை வருடமாக யாராவது அதைக் கேட்பார்களா என்று காத்திருந்தேன் தெரியுமா? காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கிழக்கு ஜன்னல் எதிரே, தூரத்தில் நம் கோயில் கோபுரம், மேற்கு வெயிலில் பளிச்சென்று நின்றது. அவள் ஆடியைக் கோபுரத்தின் பக்கம் பிடித்தாள். நான் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினேன். முதலில் ஒரு வெளிச்சக் கறை. பிறகு, ஒரு இடத்தில், கோபுரம் வந்து தாளில் இறங்கியது. கட்டைவிரல் நகத்தளவு. சிலுவை கீழே, வாசல் மேலே. சிலுவைக்குப் பக்கத்தில் புள்ளியளவு காக்கா ஒன்று தலைகீழாகத் தொங்கி அசைந்தது.

"காக்கா நகருது ஆன்ட்டி!" என்று கத்தினாள்.

நான் தினமும் ஜெபிக்கிறவள் அக்கா. ஆண்டவர் தன் வீட்டை என் கையிலிருந்த காலண்டர் தாளில் கவிழ்த்து வைத்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. ஆடிக்கும் தாளுக்கும் நடுவே அவள் ஸ்கேல் வைத்தாள். பதினைந்து. மறுபடி பார்த்தோம். பதினைந்து. எனக்கு ஒரு அளவு போதாது. முப்பது சென்டிமீட்டரில் ஒரு கோணி ஊசியை நிறுத்தினேன். ஊசியின் தலைகீழ்ப் பிம்பத்தின் முனை வந்து ஊசியின் முனையிலேயே உட்கார்ந்தது. தலையை இப்படி அப்படி ஆட்டினாலும் பிரியவில்லை. பொருளும் பிம்பமும் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தூரத்தில் பாதிதான் குவியத்தொலைவு. முப்பதில் பாதி பதினைந்து. தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் டியூஷனில் அவள் ரெகார்டு நோட்டைப் பார்த்தீர்கள்.

"இன்னாடி இது, பதினஞ்சு?"

"அளந்தேன் மேடம்."

"பின்னாடி இன்னா எழுதியிருக்கு, படி."

"எழுதியிருக்கறது பத்து மேடம். வர்றது பதினஞ்சு."

ஒரு பையன் சிரித்துவிட்டான். அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை. "அம்மா மெஷின்ல ஒக்காந்து ஒடம்பு நோவ படிக்க வைக்கிறா, இவ எனக்குப் பாடம் எடுக்கறா" என்றீர்கள். பன்னிரண்டு பேர் முன்னால். நான் டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்களும் பாத்தீங்கல்ல?"

நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

"டீ ஆறிடும், எடுத்துக்கோங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் டியூஷனுக்கு வரவில்லை. ஆனால் பள்ளியில் பிராக்டிகல் தேர்வு வந்தது. நீங்களே டீச்சர், நீங்களே எக்ஸாமினர், மேசை மேல் அதே ஆடி. அந்தப் பெண் மறுபடி பதினைந்து என்று எழுதினாள். சிவப்பு மையில் குறுக்கே அடித்தீர்கள். சயின்ஸ் குரூப்புக்கு உங்கள் பள்ளி வைத்திருந்த கோட்டுக்கு இரண்டு மார்க்கு கம்மி. காஞ்சனா நம் வாசலில் வந்து நின்றாள். "மேடம், ரெண்டு மார்க்குதான், கொஞ்சம் மனசு வைங்க" என்றாள். "மார்க்கு மனசால போடறதில்லம்மா, நியாயத்தால போடறது" என்றீர்கள். டி.சி. வாங்கி வேறு பள்ளிக்கு அலைய காஞ்சனாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. பெண் காமர்ஸில் உட்கார்ந்தாள். இது ஒன்பது வருடத்துக்கு முன்.

இத்தனை வருடமும் நான் உங்களை ஒரு மக்கு என்று நினைத்து மனதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். தெரியாமல் செய்தார், தெரிந்துகொள்ளத் தெரியாமல் செய்தார் என்று. உங்களை அடக்கம் செய்த அன்றுகூட அப்படித்தான் ஜெபித்தேன்.

நேற்று அந்தத் தாளைப் பிரித்தேன்.

வினோதினியின் பிராக்டிகல் விடைத்தாள். நடுவில் உங்கள் சிவப்புக் கோடு. அடியில் பென்சிலில், சின்ன எழுத்தில், உங்கள் கையெழுத்து. 14.9. 15.1. 15.0. 15.0. நாலாவதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

அளந்திருக்கிறீர்கள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என்னைப் போலவே, ஜன்னல் பக்கம் நின்று. கோபுரம் உங்கள் தாளிலும் வந்து கவிழ்ந்திருக்கும். அப்புறம் மடித்து, தோலில் சுற்றி, புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் ஒன்பது புள்ளி ஒன்பது, பத்து, பத்து புள்ளி ஒன்று என்று சொன்னீர்கள். ஜெபமும் செய்தீர்கள். ரிட்டையர் ஆனபோது "என் காசுல வாங்குனது" என்று ஆடியையும் எடுத்து வந்தீர்கள். இப்போது தெரிகிறது, வேறு யாரும் அளந்துவிடக்கூடாது என்றுதான்.

மக்காக இருப்பது பாவமில்லை அக்கா. நீங்கள் மக்கு இல்லை. அதுதான் உங்களைப் பற்றி நான் இதுவரை எழுதியதிலேயே மோசமான வரி.

நல்லவேளை, அதோடு நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் என் பழைய நோட்டும் பரணில் இருந்தது. எடுத்துத் தேதியைத் தேடினேன். பதினைந்து. ஒரே வீட்டில் இரண்டு பொம்பளைகள், ஒரே எண்ணை, ஒருத்தி புடவைக்கு அடியிலும் ஒருத்தி பரணிலும் வைத்திருந்திருக்கிறோம். உங்களை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் அந்த வாய்தான் டீ ஆறிடும் என்றது.

சாயந்தரம் காஞ்சனா வீட்டுக்குப் போனேன். வினோதினி அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். ஷூ கம்பெனியில் அவளுக்குத் தோலின் நிறம் பார்க்கிற வேலை. விளக்குப் பெட்டிக்குள் இரண்டு தோலை வைத்து, இந்த விளக்கில் பார், அந்த விளக்கில் பார், நிறம் சேருகிறதா என்று சொல்ல வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றாக இருப்பது பகல் வெளிச்சத்தில் வேறாகப் போய்விடுமாம்.

"சேரலன்னு சொன்னா மேல இருக்கறவங்க மொறைப்பாங்க ஆன்ட்டி" என்றாள். "லாட் லேட்டாவுது, பேஜார் பண்ணாதன்னு திட்டுவாங்க. ஆனா சேரலன்னா சேரல தானே?"

தாளை நீட்டினேன். வாங்கி நின்றபடியே படித்தாள். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"மேடத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"எனக்கும் தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமே. ரெண்டு பேருந்தானே அளந்தோம்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

வெயில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் வந்து சேர்ந்தோம். நம் ஹால், அதே கிழக்கு ஜன்னல். எதிரில் இரண்டு மாடிவீடு வந்துவிட்டது, ஆனாலும் கோபுரத்தின் மேல்பாதி தெரிகிறது. அவள் ஆடியைப் பிடித்தாள். நான் காலண்டர் தாளை நகர்த்தினேன். கோபுரம் இறங்கியது. சிலுவை கீழே. காக்கா இல்லை.

"காக்காவுக்கு வயசாயிருக்கும்" என்றாள். ஸ்கேல் வைத்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "இன்னா வருது ஆன்ட்டி?"

"பதினஞ்சு."

"நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அன்னிக்கும் பாத்தேன்."

அவள் தாளைக் கீழே வைத்தாள். விரலால் நெயில் பாலிஷைச் சுரண்டினாள். அது லேசில் வருவதாக இல்லை. பிறகு சோபாவில், அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த அதே மூலையில் உட்கார்ந்தாள்.

"சரி, டீ குடுங்க" என்றாள். "ஆறிடப் போவுது."

ஒன்பது வருடமாக நான் சுமக்கிற அந்த வார்த்தையை அவளும் சுமந்திருக்கிறாள். அடுப்படியில் போய் நின்றேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஆடியை அவளிடமே கொடுத்துவிட்டேன், விடைத்தாளையும். பின்பக்க எழுத்து முழுதாகப் போன பிறகு அங்கே எதுவும் எழுதப்போவதில்லையாம். "பாக்கறவங்க அளந்து பாத்துக்கட்டும் ஆன்ட்டி" என்றாள்.

இன்று காலை ஜெபம் முடிந்து அட்டைக்கு உட்கார்ந்தேன். உங்கள் தம்பி தலைப்பை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: உண்மையுள்ள ஆசிரியை. முதல் வார்த்தையை அடித்தேன்.

"ஏன் அடிச்ச?" என்றார்.

"இடம் பத்தல" என்றேன்.

பார்த்தீர்களா அக்கா, வாய் இன்னும் உங்கள் வீட்டு வாய்தான். அவர் சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார். கேட்டைத் தாண்டும் முன் ஓடிப்போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

"இடம் இருக்கு" என்றேன். "அது நெஜம் இல்ல. அதான் அடிச்சேன்."

என் பழைய நோட்டை அவர் கையில் விரித்துக் கொடுத்து, வெயிலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், டீத் தட்டு உட்பட. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடித்த வார்த்தையைத் திரும்ப எழுதாமல் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.

அட்டையில் 'ஆசிரியை' என்று மட்டும் இருக்கிறது. அது நடந்தது. அதனால் எழுதலாம்.